பழைய முகம், புது எஞ்சின்: செட்டிநாட்டுக்கு வரும் பழம்பாணி ஸ்போர்ட்ஸ் கார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்று வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வரும் மாதங்களில் காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைத் தெருக்களில் இந்த மாதிரிக் கார்கள் தலைகாட்டும். நீண்ட பானட், வட்ட விளக்கு, குட்டை வால். பார்த்தவுடன் 1950களின் கார் என்று தோன்றும். உள்ளே இருப்பது முழுக்க இந்தக் காலத்து இயந்திரம். வாங்க நினைப்பவர்களும், உறவினர் வண்டியை ஒரு வாரம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்துசேர்ந்தவர்களும், டிரைவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

பழம்பாணிக் கார் என்றால் பழைய கார்தானே? ‘விண்டேஜ்’ நம்பர் வாங்கலாமா?

முடியாது. தோற்றம்தான் பழசு. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் ‘வி.ஏ.’ என்ற எழுத்து கொண்ட தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய். அந்த நம்பர் போட்ட வண்டியைத் தினசரி ஓட்டவும் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும். பழம்பாணிக் காருக்கு இந்தச் சலுகையும் கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது. சாதாரணக் காருக்கு உள்ள வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் உண்டு.

எந்தெந்தக் கார்களை இந்த வகையில் சேர்ப்பது?

பட்டியல் நீளும். முக்கியமான நாலைச் சொன்னால் வகை புரிந்துவிடும்.

மெர்சிடிஸ் எஸ்எல்எஸ் ஏஎம்ஜி: 2009இல் காட்டி, 2014 வரை தயாரித்தார்கள். 6.2 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 571 குதிரைத்திறன், கியர்பாக்ஸ் பின்பக்கம். கதவு மேலே திறக்கும். இதன் மூதாதை 1954இல் வந்த 300 எஸ்எல். அந்தக் காரில் குழாய்ச் சட்டம் பக்கவாட்டில் உயரமாக ஏறி நின்றதால் வழக்கமான கதவு வைக்க இடமில்லை. அதனால்தான் கீலைக் கூரையில் வைத்தார்கள். அன்று வேறு வழியில்லாமல் செய்தது, இன்று அழகுக்காகச் செய்கிறார்கள்.

பிஎம்டபிள்யூ இசட்8: 1950களின் 507 மாடலை நினைவில் வைத்து வரைந்தது. 2003 வரை மொத்தம் 5,703 வண்டிகள். 400 குதிரைத்திறன், 6 கியர் மேனுவல். மீட்டர்கள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இல்லாமல் டேஷ்போர்டின் நடுவில் இருக்கும். இடப்பக்க ஸ்டியரிங்கில் மட்டுமே வந்தது. இங்கே நிரந்தரமாகக் கொண்டுவர வலப்பக்க ஸ்டியரிங் வேண்டும் என்பதால், நம் ஊரில் எவராவது இதை நல்ல விலைக்குத் தருவதாகச் சொன்னால் முதலில் காகிதத்தைக் கேளுங்கள்.

மோர்கன் பிளஸ் ஃபோர்: இங்கிலாந்தில் மால்வர்ன் என்ற ஊரில் 1909இல் தொடங்கிய சிறு கம்பெனி. 2020இல் வந்த மாடலில் அலுமினிய அடித்தளம், பிஎம்டபிள்யூவின் 2 லிட்டர் டர்போ, 255 குதிரைத்திறன். மேல்கூடு மட்டும் இன்றும் மரச்சட்டத்தில் அலுமினியத் தகடு போர்த்தியது. எடை ஏறத்தாழ 1,000 கிலோதான்.

ஃபோர்டு மஸ்டாங்: 1964இல் பிறந்த பெயர். 2005 மாடலில் பழைய முகத்துக்குத் திரும்பியது. தொழிற்சாலையிலிருந்தே வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்தது 2015 மாடலிலிருந்து. 2016இல் 5 லிட்டர் வி8 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஆடம்பரக் கார் என்று இதைச் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விலையைப் பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள்.

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பட்டி வைத்து அடித்த வண்டியா?

அவசரப்பட வேண்டாம். எஸ்எல்எஸ், இசட்8, மோர்கன், ஜாகுவார் எஃப்-டைப் ஆகியவற்றின் உடல் அலுமினியம். காந்தம் எங்கேயும் ஒட்டாது. மஸ்டாங்கில் உடல் இரும்பு, ஆனால் 2015க்குப் பின் வந்ததில் பானட் அலுமினியம். கதவில் ஒட்டும் காந்தம் பானட்டில் ஒட்டாது. இதை வைத்து விலை பேசப் போனால் விற்பவர் சிரிப்பார்.

சரியான கருவி பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டர். அலுமினியத்தையும் அளக்கும் வகையாக இருக்க வேண்டும். இரும்பை மட்டும் அளக்கும் மலிவு மீட்டர் இங்கே உதவாது. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். ஒரு கதவு 130, பக்கத்துக் கதவு 280 என்றால் அந்தக் கதவைத் திரும்ப அடித்திருக்கிறார்கள். 500ஐத் தாண்டினால் கீழே பட்டி இருக்கிறது.

மீட்டர் இல்லையா? காலை ஏழு மணி வெயிலில் வண்டியின் பக்கவாட்டில் குனிந்து, தெருவிலிருக்கும் ஒரு நேர்க்கோடு, மின்கம்பமோ முகப்புத் தூணோ, பெயிண்ட்டில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். கதவுக்குக் கதவு தாண்டும்போது கோடு உடைந்தால் அங்கே கை பட்டிருக்கிறது. அலுமினியம் நசுங்கினால் இரும்பு போல மறுபடி நேராகாது, ஒட்டும் பசையும் ரிவெட்டும் சேர்ந்த வேலை. எல்லா லேத்துப் பட்டறையிலும் ஆகாது. ஆகவே பெயிண்ட்டைவிட, பானட்டைத் தூக்கி உள்ளே சஸ்பென்ஷன் மேல்முனையைப் பார்ப்பது முக்கியம். குழியில் வேகமாக விழுந்த வண்டியில் அந்த இடம் மேல்நோக்கி உப்பியிருக்கும், போல்ட்டுகளுக்கு இடையிலான தூரம் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மாறும். இசட்8இல் இது பேர்போன கோளாறு.

வேட்டி, பட்டுப்புடவையோடு ஏறி உட்கார முடியுமா?

முடியும், ஆனால் ஆட்டோவில் ஏறுவதுபோல் முதலில் காலை வைக்கக் கூடாது. கதவடி விளிம்பு அகலம், சீட்டு தரையோடு தரையாக இருக்கும். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போது இதையே தலைகீழாக. முழங்கால் வலி உள்ள ஆச்சிகளுக்கு இந்த வண்டி வேண்டாம். ஏற்றிவிடலாம், இறக்குவதுதான் பெரும்பாடு.

எஸ்எல்எஸ் கதவைப் பற்றித் தனியாக ஒன்று. திறந்து நிற்கும் கதவை உட்கார்ந்தபடி எட்டிப் பிடித்து, கையால்தான் இழுத்து மூட வேண்டும், மோட்டார் கிடையாது. குள்ளமானவர்கள் உட்காருவதற்கு முன்பே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சீட்டில் இறங்கினால் சுலபம். தாழ்ந்த கொட்டகையில் திறக்கும்முன் மேலே உத்தரத்தைப் பாருங்கள். வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தால் கதவைத் திறக்க வழியில்லையே என்று கேட்பார்கள். அதற்காகக் கீலில் சிறு வெடிமருந்து போல்ட் வைத்திருக்கிறார்கள், கவிழ்ந்தால் அது கதவை விடுவிக்கும். விளையாட்டாக அந்தப் பக்கம் ஸ்பேனர் போடக் கூடாது.

வேகத்தடையில் அடி தட்டுமா?

எந்த வேகத்தடை என்பதைப் பொறுத்தது. இங்கேதான் பலரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி போட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி சுமார் 2.6 மீட்டர். ஆகவே மேட்டின் உச்சி வயிற்றுக்கு நடுவில் வரும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயேதான் இருக்கும். உச்சிக்கும் சக்கரம் நிற்கும் இடத்துக்கும் உயர வித்தியாசம் 5 செ.மீ.தான். 12 செ.மீ. தரை இடைவெளி உள்ள கார் தாராளமாகத் தாண்டும்.

ஊருக்குள் அவரவர் வீட்டு முன்னால் போட்டுக்கொள்ளும் மேடு வேறு. அகலம் 50, 60 செ.மீ., உயரம் 12, 15 செ.மீ. முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறாத நிலையில் நான்கு சக்கரமும் சமதரையில், மேடு மட்டும் வயிற்றுக்கு அடியில். அப்போது மேட்டின் முழு உயரமும் வேண்டும். 12 செ.மீ. கார் 15 செ.மீ. மேட்டில் ஏறி உட்கார்ந்தே தீரும். அடியில் இருப்பது எக்ஸாஸ்ட் குழாய், ஆயில் தொட்டி, ரேடியேட்டருக்கான காற்றுத் தட்டு.

செய்ய வேண்டியது: நடக்கும் வேகத்துக்கு வந்து, வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவது. அப்போது பெரும்பாலான நேரம் ஏதாவது ஒரு சக்கரம் மேட்டின் மேலிருந்து வண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கும். எதிரே வண்டி வராதபோதுதான் இதைச் செய்ய முடியும். ஏறும்போது பிரேக்கை மிதித்தபடி இருக்கக் கூடாது. பிரேக்கில் மூக்கு 2, 3 செ.மீ. தாழும். மூக்குத் தூக்கும் வசதி உள்ள மாடலென்றால் மேட்டுக்கு 20 அடி முன்பே பொத்தானை அமுக்குங்கள், தூக்க சில நொடி ஆகும்.

ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று காகிதத்தில் தேட வேண்டாம். ஒரு செங்கல்லைப் படுக்க வைத்து அதன் மேல் சிறு பலகைத் துண்டுகளை அடுக்கி, அடியில் தள்ளிப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அதுதான் உங்கள் அளவு.

வீட்டுச் சரிவில் ஏறுமா?

நம் வீடுகள் தெருவைவிட உயரத்தில் நிற்பவை. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்பதால் கார் கொட்டகை பெரும்பாலும் பின்தெருப் பக்கம் இருக்கும், அங்கே ஏறுவதற்கு ஒரு குட்டைச் சரிவு. அதன் கோணம்தான் பிரச்சினை.

கணக்கு எளிது. முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து மூக்கு விளிம்பு வரை 80 செ.மீ., விளிம்பின் உயரம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 80க்கு 12 என்றால் எட்டரை டிகிரிச் சரிவு வரை ஏறும். உங்கள் வீட்டுச் சரிவு 6 அடி நீளத்தில் 1 அடி ஏறினால் அது ஒன்பதரை டிகிரி, மூக்கு உரசும். 8 அடிக்கு 1 அடி என்றால் 7 டிகிரி, மயிரிழையில் தப்பும். 10 அடிக்கு 1 அடி வையுங்கள், நிம்மதி. கொத்தனாரை வரவழைக்க நேரமில்லையென்றால், சரிவு தொடங்கும் இடத்தில் 4 அடி நீள, 2 அங்குல கனப் பலகை இரண்டைப் போட்டால் கோணம் உடையும். சரிவின் உச்சியையும் கவனியுங்கள்: அங்கே கூர்மையான முனை இருந்தால் மூக்கு தப்பி வயிறு மாட்டும். முனையைச் சற்று உருட்டிவிடச் சொல்லுங்கள்.

சித்திரை வெயில் தாங்குமா? நிறுத்திய பிறகும் காற்றாடி ஓடுகிறதே?

தாங்கும். எஞ்சினை அணைத்தபின் ரேடியேட்டர் விசிறி சில நிமிடம் ஓடுவது கோளாறல்ல, அதற்காகவே வைத்தது. பயந்து பேட்டரியைக் கழற்ற வேண்டாம்.

பார்க்க வேண்டியது வேறு. நீண்ட பானட்டுக்கு அடியில் பெரிய எஞ்சினை இறுக்கி அடைத்திருப்பதால், நெரிசலில் நிற்கும்போது வெப்பம் வெளியேற வழி குறைவு. கூலன்ட் தொட்டியில் அளவு ‘மேக்ஸ்’ கோட்டுக்கும் ‘மின்’ கோட்டுக்கும் நடுவில் இருக்கட்டும். குறைந்தால் வடித்த தண்ணீரும் கம்பெனி சொன்ன கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. போர்த் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து நாளடைவில் ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கை வெந்துபோகும், குறைந்தது ஒரு மணி நேரம் ஆறட்டும்.

கூரை திறந்த வண்டியில் கறுப்புத் தோல் சீட்டை மதிய வெயிலில் விட்டால் உட்கார முடியாது. நிறுத்தும்போது மேலே ஒரு துண்டு போடுவது நம் ஊர் வழக்கம், அதுவே போதும்.

பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் மாட்டினால் கியர்பாக்ஸ் கெடுமா?

இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் என்றால் கவனம் தேவை. வெளியிலிருந்து பார்த்தால் ஆட்டோமேட்டிக் மாதிரி. உள்ளே கிளட்ச் தட்டுதான் இருக்கிறது, நீங்கள் மிதிக்காமல் கம்ப்யூட்டர் மிதிக்கிறது. அரை அடி, ஒரு அடி என்று ஊர்ந்தால் அந்தத் தட்டு பாதி ஒட்டி, பாதி வழுக்கிச் சூடேறும். திரையில் வெப்ப எச்சரிக்கை வரும், பிறகு வண்டி உதறும், கடைசியில் நகர மறுக்கும். மேட்டில் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது இதைவிடக் கெடுதல்.

தேரோ ஊர்வலமோ முன்னால் போகிறதா, முழுதாக நின்று பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். முன்னால் 10, 15 அடி காலியானதும் ஒரே நகர்வாகப் போய் மறுபடி நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் நியூட்ரல்.

பஞ்சர் ஆனால்?

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. ஒரு சிறு கம்ப்ரெசரும் பசை பாட்டிலும் இருக்கும். பசையைப் பிழிந்து காற்றடித்தால் மெதுவாக ஒரு பஞ்சர் கடை வரை போகலாம். அதற்கு மேல் அந்தப் பசையால் பயனில்லை. டயருக்குள் இருக்கும் காற்றழுத்த சென்சாரையும் அது அடைத்துவிடக்கூடும். ஆணி கண்ணுக்குத் தெரிந்தால் அதைப் பிடுங்காமல் காற்று மட்டும் அடித்துக்கொண்டு போவது நல்லது.

கடையில் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, சாதாரண ஜாக்கி அடியில் நுழையாது, 8 செ.மீ.க்கும் குறைவாகத் தாழும் டிராலி ஜாக்கி வேண்டும், இல்லையென்றால் முதலில் சக்கரத்தைப் பலகையில் ஏற்ற வேண்டும். இரண்டு, ஜாக்கி வைக்கும் இடம் குறித்திருக்கும். அந்த இடம் தவிர வேறெங்கு வைத்தாலும் அலுமினியம் குழியும். இடையில் ஒரு ரப்பர் கட்டை அவசியம். மூன்று, ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டு பூட்டு நட்டாக இருக்கலாம், அதற்கான சாவித் தலை வண்டியில்தான் எங்காவது இருக்கும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் நடுவழியில் நின்றால் உளிதான் கதி.

கம்பிச் சக்கரம் உள்ள வண்டியில் நிலைமை வேறு: கம்பிகளின் முனை வழியாகக் காற்று கசியும் என்பதால் பல வண்டிகளில் உள்ளே டியூப் இருக்கும், நம் பழைய சைக்கிள் கடை முறை அப்படியே பொருந்தும்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. இந்த வண்டிகள் ஆண்டுக்கு 1,000 கி.மீ. கூட ஓடாதவை, பட்டன் தேயாமல் ரப்பர் மட்டும் கிழடாகிவிடும். 6 ஆண்டு தாண்டினால் வெடிப்பு பாருங்கள், 10 ஆண்டு தாண்டினால் பார்க்கவே வேண்டாம், மாற்றுங்கள்.

எந்தப் பெட்ரோல்?

மூடியைத் திறந்தால் உள்பக்கம் எழுதியிருக்கும். 95 என்று போட்டிருந்தால் 95 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் பங்கில் போடுங்கள். காரைக்குடியில் கிடைக்காத நாளில் மதுரையிலோ திருச்சியிலோ நிரப்பிக்கொண்டு வரலாம். அவசரத்துக்குச் சாதாரணப் பெட்ரோல் போட்டால் புது எஞ்சின்கள் தாமாகச் சமாளித்துக்கொள்ளும், நீங்கள் மட்டும் விரட்டக் கூடாது.

அதே இடத்தில் இ5, இ10 என்று வட்டத்துக்குள் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது எத்தனால் அளவு. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம். இ10 வரைக்கும் என்று வடிவமைத்த வண்டி ஒரு டேங்க்கில் கெட்டுப்போகாது. ஆனால் அந்தப் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிற்பதுதான் கெடுதல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் கீழே படிந்து பம்பையும் ரப்பர் குழாய்களையும் தின்னும்.

மோர்கனில் மரம் இருக்கிறதாமே, கரையான் அரிக்காதா?

நம் ஊர்த் தச்சர்கள் ஆவலோடு கேட்கும் கேள்வி இது. மரம் ‘ஆஷ்’. தேக்கைவிடச் சற்றே கனம், நீராவியில் வேகவைத்தால் வில்லாக வளையும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மண்வெட்டிக் காம்புக்கும் சுத்தியல் பிடிக்கும் மேல்நாட்டில் இதைத்தான் போடுவார்கள். கார் சட்டத்துக்கு அந்த வளைவும் துள்ளலும் வேண்டும். பர்மாத் தேக்கில் 100 ஆண்டாக நிற்கும் நிலைக்கதவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒன்று உறுத்தும்: ஆஷ் மரத்துக்கு இயல்பில் பூச்சியைத் தாங்கும் எண்ணெய்ச் சத்து கிடையாது. தேக்கு முதல் வகுப்பென்றால் இது கடைசி வகுப்பு. அதனால்தான் தொழிற்சாலையிலேயே பாதுகாப்பு மருந்து ஏற்றுகிறார்கள்.

ஓடும் வண்டியில் கரையான் வராது. மண்தரைக் கொட்டகையில் ஆறு மாதம் நின்றால் டயர் வழியாகப் புற்று ஏறலாம். சிமெண்ட் தரையில் நிறுத்துங்கள். சக்கரத்தைச் சுற்றி மண்கோடு தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். உண்மையான எதிரி தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தபின் கதவின் அடிப்பாகத்தில் இருக்கும் வடிகால் துளை அடைத்திருந்தால் நீர் உள்ளேயே நின்று மரம் இற்றுப்போகும். சோதிப்பது எளிது: கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். கீலோடு சேர்ந்து தூணும் அசைந்தால் அடிமரம் போய்விட்டது. கதவு இடுக்கு மேலே குறுகி, கீழே அகன்றிருந்தாலும் அதே அர்த்தம்.

2020க்கு முந்தைய பிளஸ் ஃபோர் என்றால் அடிச்சட்டம் இரும்பு ஏணி வகை. மரத்தோடு துருவையும் பார்க்க வேண்டும்.

செம்மண் தூசியைத் துணியால் துடைக்கலாமா?

கூடாது. செம்மண்ணில் இருக்கும் மணல் துகள் உப்புத்தாள் வேலை செய்யும். சுவருக்குப் பூசும் வெள்ளைப் பூச்சு, கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்க மினுங்கும். அந்தப் பழக்கத்தில் வீட்டு ஆட்கள் காரையும் தேய்த்துவிடுவார்கள். பெயிண்ட்டின் மேலிருக்கும் கண்ணாடிப் படலம் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியின் கனம் கூட இல்லை. தேய்த்தால் குறையுமே தவிர வளராது.

முதலில் குழாய் நீரை மேலிருந்து கீழாக ஓடவிட்டு மண்ணைக் கழுவுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் நீர், துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிவிட்டு ஷாம்புவில் தோய்ப்பது. சக்கரத்துக்குத் தனித் துணி. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும், அதனால் வெயிலில் கழுவக் கூடாது. கடைசியாக ஒரு குடம் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி உடனே மைக்ரோ ஃபைபர் துணியால் ஒற்றுங்கள்.

அடுத்த விசேஷம் வரை, ஐந்தாறு மாதம், வண்டி நிற்கும். என்ன செய்து வைக்க வேண்டும்?

பேட்டரிதான் முதலில் போகும். பூட்டி நிறுத்திய வண்டியும் அலாரம், சாவி ரிசீவர் என்று 50 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 70 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு மாதத்தில் பாதி காலி. அதற்கு ‘மெயின்டெயினர்’ என்ற சிறு சார்ஜர் உண்டு, செருகியே விடலாம். சாதாரணப் பட்டறை சார்ஜரை அப்படி விட்டால் பேட்டரி வெந்துவிடும்.

இதில் ஒரு கண்ணி. பல மாடல்களில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. டிக்கி திறப்பது மின்சாரத்தில். பேட்டரி செத்தால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி எந்தத் துளைக்கு, அல்லது எஞ்சின் பக்கம் மின்சாரம் கொடுக்கும் முனை எங்கே என்று, வண்டி உயிரோடிருக்கும்போதே பார்த்து வையுங்கள்.

டயரில் வழக்கத்தைவிட 5 பிஎஸ்ஐ கூட வையுங்கள், ஒரே இடம் தட்டையாகாது. ஹேண்ட் பிரேக் போடாமல் மரக்கட்டை கொடுங்கள், பிரேக் ஒட்டிக்கொள்ளாது. எத்தனால் பெட்ரோலோடு நின்றே ஆக வேண்டுமென்றால் டேங்க்கை நிரப்பி வையுங்கள், ஈரக்காற்றுக்கு இடமிருக்காது. மேலே பருத்தி உறை. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டால் உள்ளே வியர்த்துப் பெயிண்ட்டில் கொப்புளம் வரும். எலிக்கு, பானட்டைத் திறந்து உள்ளே வெளிச்சம் பட விடுவதே பொறிகளைவிட நன்றாக வேலை செய்கிறது. கொட்டகையில் நெல் மூட்டையும் காரும் சேர்ந்து இருக்கக் கூடாது.

அஞ்சு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லதல்ல. எக்ஸாஸ்ட்டில் ஈரம் சேரும், பேட்டரியில் எடுத்தது திரும்பாது. ஓட்டினால் 20 கி.மீ. ஓட்டுங்கள், இல்லையேல் தொடாதீர்கள்.

வளவுக்குள் (வீட்டின் உள்முற்றப் பகுதி) ஆத்தங்குடித் தளத்தில் ஏற்றிப் படம் எடுக்கலாமா?

தளத்துக்காகச் சொல்கிறோம், வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல, கண்ணாடி மேல் வார்த்து உலர்த்திய சிமெண்ட். 1,600 கிலோ வண்டியின் ஒவ்வொரு சக்கரமும் 400 கிலோவை உள்ளங்கை அகலத்தில் இறக்கும். அடியில் எங்காவது வெற்றிடம் இருந்தால் கல் விரியும். ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்பினால் கறுப்புத் தடம் நிற்கும், சூடான டயரின் எண்ணெய்ப் பசை பூ வேலைக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது கடினம். கட்டாயம் வேண்டுமென்றால் 18 மி.மீ. பிளைவுட் விரித்து அதன் மேல் தள்ளிக்கொண்டு வாருங்கள், எஞ்சினை இயக்க வேண்டாம். முகப்புக்கு வெளியே, காலை ஏழரைக்குள் எடுத்தால் இதைவிட நல்ல படம் கிடைக்கும்.

சிங்கப்பூர், லண்டனில் இருக்கும் வண்டியை இங்கே கொண்டுவரலாமா?

சுற்றிப் பார்க்க என்றால் ‘கார்னெட்’ என்ற ஆவணத்தோடு 6 மாதம் வரை கொண்டுவரலாம். திரும்பக் கொண்டுபோயாக வேண்டும், இங்கே விற்க முடியாது. நிரந்தரமாக என்றால் பழைய வண்டி 3 ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது, வலப்பக்க ஸ்டியரிங் வேண்டும், மீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். சுங்க வரி பொதுவாக வண்டி விலையையே தாண்டும்.

உள்நாட்டிலேயே பிற மாநில நம்பர் வண்டியை மலிவாக வாங்குவோர், இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய வேண்டும் என்பதை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். சிவகங்கை மாவட்டத்துக்கு டி.என். 63. இறக்குமதி வண்டியென்றால் ஆர்.சி. புத்தகத்தோடு சுங்கத்துறையின் இறக்குமதிச் சீட்டையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க இடம்?

திருச்சி ரோடு அதற்கல்ல. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. பந்தயத் தடம் இருக்கிறது, கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே. அனுமதி, ஹெல்மெட், புது பிரேக் ஆயில். தடத்தில் ஓட்டினால் சாதாரண இன்ஷூரன்ஸ் செல்லாது.

மாப்பிள்ளை அழைப்புக்கு ஜோடிக்கலாமா?

ஜோடிக்கலாம், மூன்று இடத்தை விட்டுவிட்டு. முன்பக்கக் காற்றுத் துளையை மல்லிகைச் சரத்தால் மூடினால் ஊர்வல வேகத்தில் எஞ்சின் சூடேறும். எக்ஸாஸ்ட் பக்கம் துணி வேண்டாம். செல்லோ டேப்பைப் பெயிண்ட்டில் நேராக ஒட்டக் கூடாது, வெயிலில் பசை உருகித் தடம் விழும். அலுமினிய உடலில் காந்தக் கொக்கி நிற்காது என்பதால், பானட் இடுக்கில் மெல்லிய பருத்தி நாடாவை நுழைத்துக் கட்டி, பூவை அதில் தொங்கவிடுவதே வழி. பூக்காரரிடம் ஊசி, கம்பி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவே பூவை எடுத்துவிடுங்கள். காலை வரை விட்டால் ஈரப்பூவின் சாறு வெள்ளைப் பெயிண்ட்டில் மஞ்சளாக இறங்கும்.

வெள்ளை நம்பர் பலகை வண்டியை இதற்கு வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணம் வராது. உறவுக்காரர் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே அவர் டிரைவரையும்.